கதையில் இல்லாத ஒரு மணி நேரம்

பதினொரு தாள் முடிந்தது, இது பன்னிரண்டாவது, இதிலும் அக்காவின் பெயர் இருக்கிறது. இந்தப் பிள்ளை ‘சுகிர்தம்’ என்று எழுதும்போது ‘கி’யின் சுழியைப் பக்கத்து எழுத்துவரை குடைபோல் விரித்திருக்கிறது, இதற்கு முந்தின பிள்ளையுடையது பொடி எழுத்து, எறும்பு போகிற மாதிரி, அதற்கும் முந்தினது பெயருக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தது. ஒரு முற்பகலுக்கு முப்பது தாள். அக்காவை ஒரு நாளும் பார்த்திராத முப்பது பேர் அவள் பெயரை எழுதியிருக்கிறார்கள், ‘எழுத்தாளர் சுகிர்தம் இக்கதையில் கூறுகிறார்’, ‘சுகிர்தம் அவர்கள் நயம்பட உரைக்கிறார்’. கூறுகிறார், உரைக்கிறார், எல்லாம் நிகழ்காலத்தில், செத்து இருபத்தெட்டு வருஷமானவளை. ஏழாவது தாளில் ஒரு பிள்ளை எதுவும் தெரியாமல் அடித்துவிட்டிருந்தது, ‘சுகிர்தம் அவர்கள் 1948இல் தஞ்சையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றார், பல விருதுகள் பெற்றவர், பேரன் பேத்திகளுடன் வசித்து வருகிறார்’ என்று. நாசரேத்தில் பிறந்து முப்பது வயதுகூட முடியாமல் போனவளுக்கு ஓய்வூதியமும் பேரன் பேத்தியும் கொடுத்த பிள்ளை. சிவப்புப் பேனாவை அந்த வரிமேல் வைத்தேன், அடிக்க மனசு வரவில்லை, ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். நல்லா இரு மக்களே என்று உள்ளுக்குள் சொன்னேன். யாரென்று தெரியாது, ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்தக் கல்லூரி, ஒன்றும் தெரியாது, பெயர் இருந்த பகுதியைக் கிழித்துவிட்டு ஒரு எண்ணை ஒட்டி அனுப்புகிறார்கள். தமிழ்த்தாள் திருத்த எங்களுக்கு ஒதுக்கியிருப்பது வேதியியல் ஆய்வகம். உயரமான ஸ்டூல், சாய்மானம் இல்லை, இடுப்பு விண்விண் என்கிறது, மேசை நடுவில் தொட்டி, அதில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது, எந்தக் காலத்திலோ சிந்திய அமிலத்தின் வாடை மூக்கில் ஏறுகிறது. என் எதிரே ஹமீதா மேடம், அவர்களும் இதே பதினாறாம் கேள்வியில்தான் இருக்கிறார்கள். “எமிலி மேடம், பாத்தீங்களா, எல்லாப் பிள்ளையும் ‘பெண் மனத்தின் குறியீடு’ன்னே எழுதி வச்சிருக்கு, கைடுல உள்ளது ஒரு எழுத்து மாறல” என்கிறார்கள். “கைடாவது படிச்சிருக்குல்லா மேடம்” என்கிறேன். சிரிக்கிறார்கள். அந்தக் கதையை எழுதியது எதிரே உட்கார்ந்திருக்கிற நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. இங்கே யாருக்கும் தெரியாது. அக்கா பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்ட நாளிலிருந்து பதிப்பாளருக்கும் அக்கா மகள் பியூலாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

‘பிளாஸ்க் என்னும் சிறுகதையில் பிளாஸ்க் எதன் குறியீடாக அமைகிறது? விளக்குக.’ பத்து மதிப்பெண். விடைக்குறிப்பு பக்கத்திலேயே இருக்கிறது, தலைமைத் தேர்வாளர் ஐயம்பெருமாள் சார் தயாரித்தது, வெளியே முழுமையாகவும் உள்ளே உடைந்தும் இருக்கும் பெண் மனத்தின் குறியீடு, நான்கு கருத்துகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை. தப்பில்லை. கதை அதற்கு இடம் கொடுக்கிறது. கதையில் ஒருத்தி தினமும் பிளாஸ்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரியில் கிடக்கும் அக்காவைப் பார்க்கப் போகிறாள், ஒரு நாள் வழியில் பிளாஸ்க் கீழே விழுகிறது, வெளிக்கூட்டுக்கு ஒரு கீறல் இல்லை, உள்ளே கண்ணாடி நொறுங்கிவிட்டது, குலுக்கிப் பார்க்கிறாள், சலசலவென்று கேட்கிறது, அதையே தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போகிறாள், அக்காவின் கட்டில் காலியாக இருக்கிறது. அவ்வளவுதான். பதினேழு வருஷத்துக்கு முன்னால் எழுதினது, நாலு வருஷமாகப் பாடத்தில் இருக்கிறது, நானே வகுப்பில் நடத்துகிறேன், கரும்பலகையில் ‘குறியீடு’ என்று எழுதிவிட்டு, நேராகச் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல எழுத்தாளர் ஒரு பொருளைத் தேடிப் பிடிக்கிறார் பிள்ளைகளா என்று சொல்கிறேன், பிள்ளைகள் எழுதிக்கொள்கின்றன. நான் தேடிப் பிடிக்கவில்லை. அது என் கையில் இருந்தது. நீல பிளாஸ்க், மூடிதான் டம்ளர், அக்கா கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த பரிசு, உண்மையாகவே கீழே விழுந்தது, உண்மையாகவே சலசலத்தது, அந்தச் சத்தம் காதில் விழுந்த நொடியிலேயே எனக்குள் ஒருத்தி இதை எழுதலாம் என்று சொன்னாள், அக்கா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது. அவளை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது, அந்த ஒருத்தியை. சரி. எழுதினேன். சத்தத்தை எழுதினேன், நீலத்தை எழுதினேன், மூடியில் இருந்த நெளிசலைக்கூட எழுதினேன். எங்கே விழுந்தது, ஏன் விழுந்தது என்று எழுதவில்லை. ‘வழியில்’ என்று ஒரே வார்த்தை போட்டேன். சிறுகதைக்கு அது போதும், சுருக்கம் அழகுதானே, பதிப்பாளர்கூட அந்த இடத்தைத்தான் பாராட்டினார், எவ்வளவு அடக்கமாகச் சொல்லியிருக்கீங்க என்று. அடக்கம். அடக்கி வைத்தது என்று அவருக்குத் தெரியாது. குழாய் சொட்டுகிறது. பதினெட்டாவது தாள், பிளாஸ்க் உலகமயமாதலின் குறியீடு, மண்பானை போய் பிளாஸ்க் வந்ததாம், ஐந்து போடலாம், யோசித்திருக்கிறது. பத்தொன்பது, கைடு, ஏழு. இருபதாவது, பிளாஸ்க் சூடான பொருளைச் சூடாகவும் குளிர்ந்த பொருளைக் குளிர்ச்சியாகவும் வைத்திருக்கும் என்று ஆரம்பித்து அதையே ஒன்றரைப் பக்கம் நீட்டியிருக்கிறது, கடைசியில் ‘எனவே அனைவரும் பிளாஸ்க் பயன்படுத்துவோம்’. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், ஹமீதா மேடம் நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லாருக்கும் நன்றி, நிஜமாகவே, கேலியாகச் சொல்லவில்லை. அக்கா இருந்திருந்தால் இந்த விடையை வீடு முழுக்கப் படித்துக் காட்டியிருப்பாள்.

இருபத்தொன்று. இலக்கணக் கேள்விகள் எல்லாம் சரிந்து கிடக்கின்றன, வல்லினம் மிகும் இடத்தில் மிகவில்லை, மிகாத இடத்தில் மிகுந்திருக்கிறது, செய்யுள் பாதியில் நின்றுவிட்டது. இதுவரை கூட்டினால் இருபத்திரண்டு, தேறுவதற்கு முப்பது வேண்டும், பதினாறாம் கேள்வி ஒன்றுதான் பாக்கி. எழுத்து இடப்பக்கம் சாய்கிறது, பேனா பாதியில் மாறியிருக்கிறது, நீலம் தீர்ந்து கறுப்பு. படிக்கிறேன். ‘பிளாஸ்க் எதன் குறியீடு என்று எனக்கு சொல்லத் தெரியவில்லை. கைடில் போட்டிருப்பதை மனப்பாடம் செய்தேன் மறந்துவிட்டது. ஆனால் கதையை இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு விசயம் இருக்கிறது. பஸ் பத்து மணிக்கு நிற்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிச நடை என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்த அக்காவின் தங்கச்சி வார்டுக்குள் போகும்போது சுவர் கடிகாரத்தில் பதினொன்றே கால். நடுவில் ஒரு மணி நேரம் அவள் என்ன செய்தாள் என்று சுகிர்தம் சொல்லவில்லை. நம்மை பிளாஸ்க்கையே பார்க்க வைத்துவிட்டு அந்த ஒரு மணி நேரத்தை மறைத்துவிட்டார்.’ பேனா என் விரலில் வழுக்கியது, வியர்வை, மேலே மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தாளைக் கவிழ்த்து வைத்துவிடலாமா, தண்ணீர் குடிக்கப் போகலாமா, இருபத்தெட்டு வருஷத்தில் இந்த இடத்தில் யாரும் விரல் வைத்ததில்லை. படி. ‘எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. எங்க அப்பாவுக்கு ஆபரேசன் ஆனப்போ நான்தான் கூட இருந்தேன். ஒரு நாள் டீ வாங்கப் போறேன் என்று சொல்லிவிட்டு கீழே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போனில் மேட்ச் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பயந்துகொண்டே மேலே போனேன். அப்பா திட்டவில்லை. ஸ்கோர் என்ன என்று கேட்டார். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஒரு வேளை நன்றாக இல்லாமல் போயிருந்தால் நானும் மேட்சை சொல்லாமல் டீ கிளாஸ் பற்றி கதை எழுதியிருப்பேன். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் கொஞ்ச நேரம் வேண்டும். அது படுத்திருக்கிறவர்களுக்கு தெரியும். அந்த அக்காவுக்கும் தெரிந்திருக்கும். ஆகவே பிளாஸ்க் என்பது சொல்ல பயந்ததன் குறியீடு.’

சொல்ல பயந்ததன், இடையில் ‘ப்’ விட்டுப்போயிருக்கிறது, அதை நான் திருத்தவில்லை, எழுத்துகள் அலை அலையாகத் தெரிகின்றன, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் நான் படித்துக்கொண்டிருந்தேன். மக்களே, நான் படித்துக்கொண்டு நின்றேன். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன், பத்து மணி, கையில் பிளாஸ்க், புத்தகக் கடையில் அந்த வார இதழ் கிளிப் போட்டுத் தொங்கியது, அட்டையில் சின்ன எழுத்தில் என் பெயர், எமிலி, என் சொந்தப் பெயர், முதல் கதை, அதற்குப் பிறகு அந்தப் பெயரில் எழுதக் கை வரவே இல்லை. வாங்கித் தூணோரம் நின்றேன், மூன்று பக்கக் கதை, ஒரு தடவை படித்தேன், பிறகு யாரோ ஒருத்தர் படிப்பது மாதிரி நினைத்துக்கொண்டு இரண்டாவது தடவை, பிறகு பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாவது, வாரக்கணக்காக டெட்டால் வாடையும் அக்காவின் மஞ்சள் விழிகளும் தவிர வேறெதையும் பார்க்காத கண்ணுக்கு அச்சில் என் வரிகள், உடம்பெல்லாம் லேசாக இருந்தது, மடியில் பிளாஸ்க் இருந்ததே மறந்துபோனது, நாலாவது தடவை பக்கம் புரட்டும்போது உருண்டு விழுந்தது. அக்காவிடம் காட்டத்தான் ஓடினேன், இதழைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. நர்ஸ் வாசலிலேயே கையைப் பிடித்தார், இப்பத்தாம்மா, கால் மணி நேரம் ஆகல என்றார், பிறகு, “உங்களைக் கேட்டாங்க. ‘அவ எங்கயாவது படிச்சிட்டு நிப்பா, வரட்டும்’னு சொன்னாங்க” என்றார். அவ எங்கயாவது படிச்சிட்டு நிப்பா. இருபத்தெட்டு வருஷமாக அந்த வாக்கியம் எனக்குள் ஒரு தீர்ப்பு மாதிரி ஓடியிருக்கிறது, குளிக்கும்போது, பஸ்ஸில், பியூலா ‘அம்மா எப்படி சித்தி இருப்பாங்க’ என்று கேட்கும்போதெல்லாம். நல்லவ என்று மட்டும் சொல்வேன். மூன்று வயசுப் பிள்ளையாக என் இடுப்பில் வந்தவள் அவள், அதற்கு மேல் கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுவேன், ஏனென்றால் அக்காவைப் பற்றி எதை எடுத்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அந்த வாக்கியத்தை நான் நர்ஸ் குரலில்தானே கேட்டிருக்கிறேன். அக்கா குரலில் ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்தேனா. இப்போது கேட்கிறேன், இந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வேண்டுமென்றே. அடுப்பில் பால் பொங்கி ஊற்றும்போது, கிணற்றில் வாளி நிரம்பி வழியும்போது, நான் எதையாவது விரித்துவைத்துப் படித்துக்கொண்டு நிற்கும்போது அவள் சொல்வாள், “ஏட்டி, எங்கடி நிக்கா இவ, எங்கயாவது படிச்சிட்டு நிப்பா, வரட்டும்”, சொல்லிக்கொண்டே பாலை அவளே இறக்குவாள், வாளியை அவளே தூக்குவாள், அம்மா ஏச வந்தால் குறுக்கே நிற்பாள், அந்த ‘வரட்டும்’ மேலே ஏறிச் சிரிப்பில் முடியும். ஒரு நாளும் அதில் கோபம் இருந்ததில்லை. ஒரு நாளும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மட்டும் எப்படி வந்திருக்கும். அக்கா, அந்தப் பிள்ளையின் அப்பா மாதிரி நீயும் ஸ்கோரைத்தான் கேட்டிருக்கிறாய். நான்தான் தப்பாகக் கேட்டேன்.

எட்டு போடுகிறேன். போட்டுவிட்டுப் பயப்படுகிறேன். இருபத்திரண்டும் எட்டும் முப்பது, மிகச் சரியாக முப்பது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், அதை விடு, நான் என்ன நினைக்கிறேன், இது விடைக்குப் போட்ட மார்க்கா, என் நெஞ்சு இறங்கினதற்குப் போட்டதா, நன்றி சொல்ல இந்தத் தாளில் இடமே இல்லை என்பதால் சிவப்பு எட்டாக எழுதிவிட்டேனா. அடிக்கலாம். ஆறு போடலாம், ஆறு போட்டால் தேறாது, ஒரு அரியர். வேறு யாரோ எழுதின கதையாக இருந்தால், அந்தப் பஸ்ஸையும் கடிகாரத்தையும் ஒரு பிள்ளை இப்படி ஒட்டிப் பார்த்திருந்தால் என்ன போட்டிருப்பேன், எட்டு, எட்டுக்குக் குறையாது, அப்புறம் என்ன, என்று மூன்று தடவை என்னையே கேட்டு மூன்று தடவையும் அதே பதில் வந்தபோது ஐயம்பெருமாள் சார் என் மேசைக்கு வந்துவிட்டார். முப்பதில் நிற்கிற தாளை அவர் விடமாட்டார், அது அவர் வேலை. வாசிக்காமல் முதலில் விடைக்குறிப்பைப் பார்த்தார். “மேடம், இதுல பெண் மனமே வரலியே. நாலு பாயின்ட்ல ஒண்ணுகூட இல்ல. கீ-ல இல்லாததுக்கு எப்படி எட்டு?” காது சூடாகிறது, ஹமீதா மேடம் பேனாவை நிறுத்திவிட்டார்கள். “கீ-ல இல்ல சார்” என்கிறேன், “கதையில இருக்கு. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்க.” பாடப்புத்தகத்தை எடுத்து வந்தார். நின்றபடியே புரட்டினார், பஸ் பத்து மணிக்கு நின்ற வரியில் ஒரு விரல், பதினொன்றே காலில் ஒரு விரல், இரண்டு விரலையும் எடுக்காமல் பக்கங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். “நாலு வருஷமா நடத்துதேன் மேடம். நான் பாக்கவே இல்லியே.” பிறகு, “எழுதின அம்மா மறந்துபோய்ப் போட்டிருக்கும், என்ன?” “மறக்கல சார்.” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், என்னவோ கேட்க வந்தது தெரிந்தது, கேட்கவில்லை, நல்ல மனுஷர், குனிந்து அந்த விடையை இப்போதுதான் முதல் வரியிலிருந்து படித்தார். ஸ்கோர் என்ன என்று கேட்ட இடத்தில் அவர் மீசை அசைந்தது. என் எட்டை அடித்துப் பக்கத்தில் பச்சை மையில் ஒன்பது போட்டுச் சுருக்கொப்பமிட்டார். “நீங்க மார்க்குல ரொம்பக் கையை இறுக்கிப் பிடிக்கீங்க மேடம்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். முப்பத்தொன்று. இனி யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு இது தெரியவே போவதில்லை, ஏதோ தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு எங்கேயாவது மேட்ச் பார்க்கும், பார்க்கட்டும், அதன் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மிச்சம் ஒன்பது தாளை எப்படித் திருத்தினேன் என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் நிதானமாகத் திருத்தினேன், ஒவ்வொன்றையும் கடைசி வரி வரைக்கும் படித்தேன். ஒரு மணிக்கு வாசல் மேசையில் கொடுத்து வைத்திருந்த போனை வாங்கி, வராண்டாவுக்கு வந்து, யோசிக்க ஆரம்பித்தால் விட்டுவிடுவேன் என்று யோசிக்காமல் பியூலாவைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூரில் அவளுக்கும் சாப்பாட்டு நேரம்தான். “என்ன சித்தி இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?” “நல்லாத்தான் இருக்கேன். உங்கம்மா போன அன்னைக்கு நான் லேட்டாப் போனேன் பியூலா. பஸ் ஸ்டாண்டுல உக்காந்து கதை படிச்சிட்டு இருந்தேன். என் கதை, அப்பத்தான் வந்திருந்தது. ஒரு மணி நேரம். அதுக்குள்ள போயிட்டா.” இவ்வளவுதான், ஐந்து வாக்கியம், இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. எதிர்முனையில் டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தம். “சித்தி, அழாதீங்க.” அவள்தான் அழுதுகொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு கேட்டாள், “அது என்ன கதை?” “எது?” “பஸ் ஸ்டாண்டுல படிச்சீங்களே, அந்தக் கதை. என்கிட்ட காட்டினதே இல்லையே.” காட்டியதில்லை, இதழ் பரணில் எங்கேயோ கிடக்கிறது. “உங்கம்மா கதைதான்” என்றேன், “சர்ச்சுல பாடகர் குழுவுல இருந்தா. குரலு பயங்கரம், சுருதியே சேராது, ஆனா எல்லாரையும்விட சத்தமாப் பாடுவா. கிறிஸ்மஸுக்குப் பாட்டு வாத்தியார் கெஞ்சினாரு, சுகிர்தம், நீ வாயை மட்டும் அசை தாயீன்னு. சரின்னுட்டா. ஆராதனையில ரொம்ப ஒழுங்கா வாயை மட்டும் அசைச்சிட்டு நின்னா, கடைசி வரி உச்சத்துல ஏறுதுல்லா, அங்க வந்ததும் தாங்க முடியாம விட்டா ஒரு சத்தம், சர்ச் ஐயர் அங்கியைப் பிடிச்சுக்கிட்டு திரும்பிப் பாக்காரு, கோயிலே திரும்பிப் பாக்கு, அவ கண்ணை மூடிட்டுப் பாடுதா.” பியூலா சிரித்தாள். அழுகையோடு கலந்து, பெரிதாக, ஆபீஸ் என்றும் பாராமல் சிரித்தாள். “எங்கம்மாவா சித்தி? நான் எப்பவும் படுத்தே கிடக்கிற அம்மாவைத்தான் நினைச்சிருக்கேன்.” பிறகு, “அந்தக் கடைசி வரியை எப்படிப் பாடுனாங்க? பாடிக் காட்டுங்களேன்.” “இங்கேயா? எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்காங்க பிள்ள.” “பாடுங்க சித்தி.” வராண்டா முழுக்கத் தமிழாசிரியர்கள், டிபன் பாத்திரங்கள், புளியோதரை வாசம். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், கண்ணை மூடிக்கொண்டேன், அவள் ஏறின உயரத்துக்கே ஏறி, அவள் தவறின இடத்திலெல்லாம் தவறி, அடித்தொண்டையிலிருந்து சத்தமாகப் பாடினேன்.